இருபது இழுப்புகளில் கட்டிலா ஆற்றலை மதிப்பிடுவது: ஒருவழியா, இருவழியா?

ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள, தோலைப் பதனிட உதவும் டானின்கள் தோலின் புரதமான கொலாஜனை எவ்வளவு உறுதியாகப் பற்றுகின்றன என்ற கேள்வி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழிலை ஒட்டி வாழும் நமக்கு வெறும் வகுப்பறைக் கேள்வி அன்று. குரோமிய உப்பு கொண்டு பதனிடும் முறையின் சுமையைப் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல ஆண்டுகளாகச் சுமந்து வருகிறது. அதன் பொருட்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் சுற்றுச்சூழல் சட்ட வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. ஆகவே, காட்பாடியிலோ சேர்க்காட்டிலோ முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு வேதியியல் மாணவர், தாவர டானின் ஒன்று கொலாஜனிலிருந்து பிரிவதற்கான கட்டிலா ஆற்றல் (free energy) வேறுபாட்டை, அதாவது பற்றின் உறுதியைக் காட்டும் அளவை, கணினிச் சிமுலேஷன் மூலம் மதிப்பிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொலாஜனின் மூவிழைச் சுருள் வடிவத்தை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்மொழிந்தார்கள் என்பதால், பொருளின் வடிவமும் நமக்கு அந்நியமானதன்று. மாணவரிடம் இருப்பது கிராபிக்ஸ் அட்டை பொருத்திய ஒரே ஒரு கணினி. அதில் கிடைக்கும் நேரத்தில் டானின் மூலக்கூறை ஒரு கணித வில்லில் கட்டி இழுக்கும் ஓட்டங்களை ஏறத்தாழ இருபது முறைதான் செய்ய முடியும். அந்த இருபதை எப்படிச் செலவிடுவது, வரும் எண்களை எந்த முறையில் கூட்டிப் பார்ப்பது என்பதே அவர் எடுக்க வேண்டிய முடிவு.

முடிவின் எடை புரிய ஓர் அளவுகோல் வேண்டும். போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றலை இங்கே கே.டி. என்று குறிப்போம், 300 கெல்வினில் அது மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். ஒரு டானின் மற்றொன்றைவிடப் பத்து மடங்கு உறுதியாகப் பற்றுகிறது என்றால், கட்டிலா ஆற்றலில் அந்த வேறுபாடு 2.3 கே.டி.தான். ஆகவே மதிப்பீட்டின் பிழை இரண்டு கே.டி.யைத் தாண்டிவிட்டால், எந்த டானின் உறுதியானது என்ற கேள்விக்கே விடை கிடைக்காது.

டானினை எல்லையற்ற பொறுமையோடு, எந்தக் கணத்திலும் சமநிலை குலையாமல் பிரித்தெடுத்தால் செலவாகும் வேலை, கட்டிலா ஆற்றல் வேறுபாட்டுக்குச் சமம். நம்மிடம் அந்தப் பொறுமைக்கு நேரம் இல்லை; வேகமாக இழுக்கிறோம். வேகமாக இழுத்தால், சராசரியாக, அதிக வேலை செலவாகும். அந்த மிகுதியை விரய வேலை என்று அழைப்போம். ஒவ்வொரு இழுப்பிலும் நீர் மூலக்கூறுகள் வேறு வேறு விதமாக அசைவதால் வேலையின் மதிப்பும் ஒவ்வொரு முறையும் மாறும். விரயம் கலந்த, சிதறிக் கிடக்கும் இந்த எண்களிலிருந்து விரயமற்ற ஒரு மதிப்பைப் பிரித்தெடுக்கும் வழிகளையே ஒப்பிடப் போகிறோம்.

ஜார்ஜின்ஸ்கி சராசரி: சரியான சமன்பாடு, ஆனால் சிறிய மாதிரிக்கு ஒத்துவராதது

1997இல் கிரிஸ்டோபர் ஜார்ஜின்ஸ்கி நிறுவிய சமத்துவம் வியக்கத்தக்கது. ஒவ்வொரு இழுப்பின் வேலையையும் கே.டி.யால் வகுத்து, எதிர்க்குறியிட்டு, அடுக்குக்குறிச் சார்பில் ஏற்றிச் சராசரி எடுத்தால், கட்டிலா ஆற்றல் வேறுபாட்டை அதே விதமாக ஏற்றினால் வரும் மதிப்புக்கு அது சமம். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் இது பொருந்தும். தோராயம் எதுவும் இதில் இல்லை. 2002இல் லிஃபார்ட், புஸ்டமான்டே முதலியோர் ஒளியியல் இடுக்கியால் (நுண்பொருளை லேசர் ஒளியால் பிடித்து இழுக்கும் கருவி) ஓர் ஆர்.என்.ஏ. மூலக்கூறை இழுத்துப் பிரித்து, இச்சமத்துவத்தைச் சோதனைச் சாலையில் சரிபார்த்தார்கள். கிடைத்த மதிப்பு, மெதுவாக இழுத்துப் பெற்ற மதிப்போடு அரை கே.டி.க்குள் ஒத்திருந்தது. இதைப் படிக்கும் மாணவர் இருபது இழுப்புகளையும் பிரிக்கும் திசையிலேயே செய்துவிட்டு, அடுக்குக்குறிச் சராசரி எடுத்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பே.

சமத்துவம் எல்லையற்ற எண்ணிக்கையிலான இழுப்புகளுக்கு உரியது என்பதை இங்கே மறக்கக் கூடாது. அடுக்குக்குறிச் சராசரியில் மிகக் குறைந்த வேலை செலவான இழுப்புகளுக்கே பேரளவு எடை கிடைக்கிறது. அவையோ மிக அரிதாக நிகழ்பவை. மணல் தெரியும் ஆண்டுகளில் மட்டும் பாலாற்றை அளந்து சராசரி நீரோட்டம் எழுதியவரின் கணக்கில் 2021 நவம்பர் வெள்ளம் எப்படி இருக்காதோ, அப்படியே இருபது இழுப்புகளின் கணக்கில் அந்த அரிய இழுப்பு இருக்காது.

வேலை மதிப்புகள் இயல்நிலைப் பரவலில் அமைகின்றன என்று கொண்டால் எவ்வளவு அரிது என்பதைத் துல்லியமாகவே சொல்லலாம். விரய வேலை 2 கே.டி. என்றால் பரவலின் திட்ட விலக்கமும் 2 கே.டி.; சராசரியில் பாதிப் பங்களிப்பு, நடுவிலிருந்து இரண்டு திட்ட விலக்கங்களுக்குக் கீழே இருக்கும் இழுப்புகளிலிருந்து வருகிறது. நாற்பத்து நான்கு இழுப்புகளில் ஒன்று அப்படி அமையும். விரயம் 4.5 கே.டி. ஆனால் திட்ட விலக்கம் 3 கே.டி.; பாதிப் பங்களிப்பு மூன்று திட்ட விலக்கங்களுக்குக் கீழிருந்து வர வேண்டும்; அது சுமார் 740இல் ஒன்று. விரயம் 8 கே.டி. என்றாலோ முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இழுப்புகளில் ஒன்று. விரயம் நான்கு மடங்கானதற்கு அரிதாகும் அளவு எழுநூறு மடங்கு.

இதன் விளைவு வெறும் சிதறல் அன்று, ஒருபக்கச் சாய்வு. அரிய இழுப்புகள் மாதிரியில் இல்லாதபோது மதிப்பீடு எப்போதும் மேல்நோக்கியே சாய்கிறது. கோர், ரிட்டார்ட், புஸ்டமான்டே ஆகியோர் 2003இல் இச்சாய்வை விரிவாக ஆராய்ந்தார்கள். எனக்கு இதில் மிகவும் கவலையளிப்பது, சாய்வு தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும் விதம். கையிலுள்ள இருபது எண்களிலிருந்தே மறுபடி மறுபடி மாதிரி எடுத்துப் பிழையைக் கணக்கிடும் பூட்ஸ்டிராப் முறை, அந்த இருபதில் இல்லாத இழுப்பை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. ஆகவே பிழைக்கோடு சிறியதாகத் தெரியும், மதிப்பு தவறான இடத்தில் இருக்கும், இரண்டையும் பார்ப்பவர் நம்பிவிடுவார். 2002ஆம் ஆண்டுச் சோதனை வெற்றி பெற்றதற்கு அங்கே விரய வேலை சில கே.டி.க்குள் அடங்கியிருந்தது முக்கியக் காரணம். அதே முறையை இருபது கே.டி. விரயத்தோடு இழுத்த டானினுக்குப் பொருத்துவது அந்தச் சோதனையின் பெயரால் செய்யக்கூடியது அன்று.

சராசரியும் பரவலின் அகலமும்

இரண்டாவது வழி அடுக்குக்குறியைத் தவிர்க்கிறது. பரவல் இயல்நிலைப் பரவலே என்று ஏற்றுக்கொண்டால், சராசரி வேலையிலிருந்து, திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை இரண்டு கே.டி.யால் வகுத்து வருவதைக் கழித்தால் போதும். மெதுவான இழுப்புகளில் இந்த ஏற்பு பெரும்பாலும் பொருந்துகிறது. 2003இல் பார்க், ஷுல்டன் முதலியோர் பத்து அலனின் கொண்ட ஒரு சிறு பெப்டைடை இழுத்துப் பார்த்த சிமுலேஷனில், குறைந்த எண்ணிக்கையிலான இழுப்புகளுக்கு, நேரடி அடுக்குக்குறிச் சராசரியைவிட இதுவே நல்ல விடை தந்தது.

எனினும் அகலத்தை அளப்பது சராசரியை அளப்பதைவிடக் கடினம். திட்ட விலக்கம் 3 கே.டி. உள்ள இருபது இழுப்புகளை எடுத்துக்கொள்வோம். சராசரியின் பிழை 0.67 கே.டி. மட்டுமே, ஆனால் கழிக்க வேண்டிய 4.5 கே.டி. திருத்தம், இருபது எண்களிலிருந்து கணக்கிடப்படுவதால், தானே ஏறத்தாழ 1.5 கே.டி. பிழையைச் சுமக்கிறது. இரண்டும் சேர்ந்து 1.6 கே.டி., அதாவது மோலுக்குச் சுமார் 4 கிலோஜூல். பற்றின் உறுதியைச் சொல்லும் எண்ணான பற்றும் மாறிலியில் ஐந்து மடங்கு ஐயம். இயல்நிலைப் பரவல் என்ற ஏற்பு முற்றிலும் சரியாக இருக்கும்போதே இந்த நிலை. டானின் பிரியும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றொன்றாக அறுந்து, இடைவெளியில் நீர் திடீரெனப் புகும் இடங்களில் பரவலின் வால் ஒருபுறம் நீளும். அப்போது ஏற்பே பிழையாகிவிடும், அதை இருபது எண்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

போய்த் திரும்பும் வழி

மூன்றாவது வழியில் இருபதைப் பத்தும் பத்துமாகப் பிரிக்கிறோம். பத்து முறை டானினைக் கொலாஜனிலிருந்து வெளியே இழுக்கிறோம். பத்து முறை அதே பாதையில், அதே வேகத்தில், நீரிலிருந்து உள்ளே தள்ளுகிறோம். 1999இல் கவின் குரூக்ஸ் வெளியிட்ட தேற்றத்தின்படி, போகும் வழி வேலையின் பரவலும், வரும் வழி வேலையை எதிர்க்குறியிட்டு வரைந்த பரவலும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியே கட்டிலா ஆற்றல் வேறுபாடு. 2005இல் கொலின், ரிட்டார்ட் முதலியோர் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை மடித்தும் விரித்தும் இதை அளந்து காட்டினார்கள்.

இதன் ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க, முன்பு எடுத்த எண்களுக்கே திரும்புவோம். விரயம் 4.5 கே.டி., திட்ட விலக்கம் 3 கே.டி. எனில், வெட்டும் புள்ளி ஒவ்வொரு பரவலின் நடுவிலிருந்தும் ஒன்றரைத் திட்ட விலக்கத் தொலைவில்தான் இருக்கிறது. பதினைந்து இழுப்புகளில் ஒன்று அதைத் தாண்டிவிடும். ஒருவழியில் 740இல் ஒன்று தேவைப்பட்ட இடம் இது. விரயம் 8 கே.டி. ஆனாலும் நாற்பத்து நான்கில் ஒன்று தாண்டும்; ஒருவழியில் அதே நிலைக்கு முப்பதாயிரம் கேட்டது. இரண்டு பரவல்களும் பாதி தூரத்தில் சந்திக்க வருவதால், எந்தப் பரவலின் வாலையும் அதன் கடைசி நுனிவரை துரத்த வேண்டியதில்லை.

பரவல்கள் இயல்நிலையில் இருந்தால், இரு சராசரிகளின் நடுப்புள்ளியே விடை. அகலத்தை அளக்கும் தேவையே இல்லை. பத்தும் பத்துமாகச் செய்த அதே இருபது இழுப்புகளில் அந்த நடுப்புள்ளியின் பிழை 0.67 கே.டி. ஒருவழியில் 1.6 கே.டி.யாக இருந்த பிழை, கூடுதல் கணினி நேரம் எதுவும் இல்லாமல், பாதிக்கும் கீழே இறங்குகிறது. பற்றும் மாறிலியில் ஐந்து மடங்கு ஐயம் இரண்டு மடங்காகச் சுருங்குகிறது. நேரம் குறைவாக உள்ளவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இத்துறையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வெட்டும் புள்ளியைப் பட்டை வரைபடம் வரைந்து தேடுவது மட்டும் வேண்டாம். பத்து எண்களுக்கு வரையும் பட்டைகளின் அகலத்தை மாற்றினால் விடையும் மாறும். சார்ல்ஸ் பென்னட் 1976இலேயே வகுத்த ஏற்பு விகித (acceptance ratio) முறைதான் இதற்கு ஏற்றது. 2003இல் ஷர்ட்ஸ், பாண்டே முதலியோர், குரூக்ஸ் தேற்றத்தைக் கைக்கொண்டு, இருவழி வேலை மதிப்புகளுக்கு இம்முறையே அதிகபட்ச நிகழ்தகவு மதிப்பீடு என்று காட்டினார்கள். ஒரு வேலை மதிப்பை எடுத்து, இது போகும் வழியில் கிடைத்ததா, வரும் வழியில் கிடைத்ததா என்று கேட்டால், குரூக்ஸ் தேற்றம் அதற்கு ஒரு நிகழ்தகவைத் தருகிறது. அந்த நிகழ்தகவில் நமக்குத் தெரியாத ஒரே எண் கட்டிலா ஆற்றல் வேறுபாடு. உண்மையில் கிடைத்த இருபது எண்களோடும் திசைகளோடும் மிகப் பொருந்தும் வகையில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதே பென்னட் முறை. பரவலின் வடிவம் பற்றி எதையும் அது ஏற்றுக்கொள்வதில்லை.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரு பரவல்களும் சிறிதும் தொடவில்லை என்றால், பென்னட் முறை போகும் வழியின் மிகக் குறைந்த எண்ணையும் வரும் வழியின் நெருங்கிய எண்ணையும் மட்டும் எடுத்து, ஏறத்தாழ அவற்றின் நடுவைத் தந்துவிடுகிறது; மற்ற பதினெட்டு இழுப்புகளும் வீணாகின்றன. அந்நிலையில் எந்தக் கணக்கு முறையும் மாணவரைக் காப்பாற்றாது. ஒன்று மட்டும் எஞ்சும்: போகும் வழியின் சராசரி கட்டிலா ஆற்றல் வேறுபாட்டுக்கு மேலெல்லை, வரும் வழி வேலையின் எதிர்க்குறிச் சராசரி கீழெல்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியே தரும் இந்த அடைப்பு எந்தப் பரவலுக்கும் பொருந்தும். ஆய்வேட்டில் அகலமான ஓர் அடைப்பை எழுதுவது, குறுகிய பொய்ப் பிழைக்கோடோடு ஓர் எண்ணை எழுதுவதைவிட மேலானது.

இருவழி முறை கேட்கும் விலை ஒன்றே: வரும் வழி இழுப்பு ஒவ்வொன்றும், டானின் நீரில் இருக்கும் நிலையின் சமநிலையிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே இழுத்த ஓட்டம் முடிந்த அதே கணத்திலிருந்து திருப்பித் தள்ளத் தொடங்கினால் குரூக்ஸ் தேற்றம் பொருந்தாது. அந்தக் கட்டமைப்பு இன்னும் பிரிந்ததன் நினைவைச் சுமந்திருக்கும். இரு முனைகளிலும் வில்லைப் பிடித்துக்கொண்டு தனித்தனியே நீண்ட சமநிலை ஓட்டங்கள் நடத்தி, அவற்றிலிருந்து போதிய இடைவெளியில் தொடக்கக் கட்டமைப்புகளை எடுக்க வேண்டும். இதற்காகும் நேரத்தையும் முன்கூட்டியே வரவுசெலவில் சேர்ப்பது அவசியம். நமக்குத் தேவைப்படும் வேலையும், வில்லின் மறுமுனையை நகர்த்துவதால் அமைப்பின் ஆற்றலில் சேரும் வேலைதான். டானின் நகர்ந்த தூரத்தை விசையோடு பெருக்கி எடுப்பது வேறோர் அளவு.

மெதுவாகச் சிலவா, வேகமாகப் பலவா?

மொத்த நேரம் மாறாதபோது, இருபது இழுப்புகளுக்குப் பதிலாகப் பாதி நீளத்தில் நாற்பது செய்யலாமா என்ற கேள்வி எழும். மெதுவான இழுப்பில் விரய வேலை இழுப்பின் நேரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. பரவலின் அகல வர்க்கமும் அதனோடு சேர்ந்தே குறைகிறது. ஆகவே இருவழி நடுப்புள்ளியின் பிழை, இந்த எதிர்விகிதம் பொருந்தும் வேகங்களுக்குள், நேரத்தை எப்படிப் பங்கிட்டாலும் ஏறத்தாழ மாறாது. ஒருவழி அடுக்குக்குறிச் சராசரியின் சாய்வோ வேகத்தோடு கடுமையாக ஏறுகிறது. இதனால் ஒருவழியே செல்பவர் மெதுவாக இழுத்தே ஆக வேண்டும். இருவழி செல்பவருக்குத் தேர்வுச் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்தை நான் இப்படிப் பயன்படுத்துவேன்: விரயம் இரண்டிலிருந்து நான்கு கே.டி.க்குள் வரும் வேகத்தைச் சில சோதனை ஓட்டங்களில் கண்டுபிடித்து, அந்த வேகத்தில் நேரம் அனுமதிக்கும் அளவுக்கு இழுப்புகள் செய்வேன். அதைவிட மெதுவாக்கினால் எண்ணிக்கை குறைந்து, பிழையையே நம்பகமாக அளக்க முடியாமல் போகும்.

சமநிலை முறைகளை முற்றிலும் ஒதுக்கிவிடுவதும் முறையன்று. பாதையைப் பல துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் சமநிலை ஓட்டம் நடத்தும் குடை மாதிரியெடுப்பு, 1977இல் டோரியும் வல்லோவும் முன்வைத்தது, நன்கு தேறிய முறை. தடையின்றி ஓடும் பெரிய கணினித் தொகுப்பு இருந்தால் நான் அதையே முதலில் கருதுவேன். குறுகிய, ஒன்றையொன்று சாராத இழுப்புகளின் ஆதாயம் நம் சூழலில் வேறு: துறை ஆய்வகத்தில் மாலையில் ஓய்ந்திருக்கும் கணினிகளுக்கு ஒவ்வொன்றாகப் பகிர்ந்தளிக்கலாம், மின்தடையில் ஒன்று அறுந்தாலும் அதை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

கேள்வி, டானின் கொலாஜனைப் பற்றும் உறுதி எவ்வளவு என்பதாக இல்லாமல், இரண்டு டானின்களில் எது உறுதியானது என்பதாக இருந்தால், இழுப்பதையே கைவிடுவது நல்லது. கேட்டெச்சினுக்கும் கேலோகேட்டெச்சினுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. சிமுலேஷனில் ஒன்றை மற்றொன்றாகப் படிப்படியாக உருமாற்றலாம். கொலாஜனோடு சேர்ந்திருக்கும்போது ஒருமுறை, நீரில் தனித்திருக்கும்போது ஒருமுறை. இரண்டின் வித்தியாசமே விடை. மாற்றம் சிறியது என்பதால் விரயமும் மிகக் குறைவு, இரு திசைப் பரவல்களும் எளிதில் ஒன்றன்மேல் ஒன்று படியும், பென்னட் முறை அப்படியே பொருந்தும். ஆவாரம் பட்டையின் செறிவுற்ற டானினையும் கடுக்காயின் நீராற்பகுபடும் டானினையும் ஒப்பிட மட்டும் இது உதவாது. அவற்றின் அமைப்புகள் ஒன்றை மற்றொன்றாக்க முடியாத அளவுக்கு வேறானவை.

கடைசியாக, திரும்பும் வழியே சாத்தியப்படாத நிலை. டானின் உள்ளே தள்ளப்படும்போது தவறான முகத்தோடு கொலாஜனில் ஒட்டிக்கொண்டு, பத்தில் ஒன்றுகூட உரிய இடத்தை அடையவில்லை என்றால் மாணவர் ஒருவழிக்கே திரும்ப நேரிடும். எந்தத் திசையைத் தேர்வது என்பதில் ஜார்ஜின்ஸ்கி 2006இல் காட்டிய ஒரு முடிவு, முதல் பார்வையில் எதிர்பார்ப்புக்கு மாறாகத் தோன்றினாலும், மிகவும் பயன்படும்: ஒரு திசையில் தேவைப்படும் இழுப்புகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அதன் எதிர்த்திசையின் விரயம். ஆகவே இரு திசைகளிலும் நேர்மையாகச் செய்ய முடிந்து, ஆனால் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருக்கும்போது, அதிகம் விரயமாகும் திசையிலிருந்து எடுத்த அடுக்குக்குறிச் சராசரியே விரைவில் நிலைபெறும். உள்ளே தள்ளுவது இடமறியாமல் தடுமாறும் நம் நிலையில் அந்தத் தேர்வும் இல்லை. வெளியே இழுக்கும் வேகத்தை விரயம் இரண்டு கே.டி.க்குக் கீழே வரும்வரை குறைத்து, அடுக்குக்குறிச் சராசரியையும் அகலத் திருத்தத்தையும் அருகருகே எழுதி, இரண்டும் ஒரு கே.டி.க்கு மேல் விலகினால் சராசரி வேலையை மேலெல்லையாக மட்டும் ஆய்வேட்டில் பதிவு செய்வதே அப்போது அவரால் பொறுப்போடு செய்யக்கூடியது.